சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தையின் கெட்டிச் சளியைக் கரைக்க எந்த மருந்து கொடுப்பது?

உங்கள் 5 வயது மகளுக்குக் கைக்குழந்தையிலிருந்தே ஓயாத சளி, எடை ஏறவே இல்லை. நடுவில் ஒருவர் ‘ப்ரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்று சொல்லி ஆறு மாதம் காசநோய் மருந்தும் கொடுத்திருக்கிறார். போன மாதம்தான் வியர்வைப் பரிசோதனை செய்து, குளோரைடு அதிகம், இது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று உறுதி செய்தார்கள். 3 சதவீத உப்புநீர் நெபுலைசரும், தினம் இரண்டு வேளை நெஞ்சைத் தட்டிச் சளியை வெளியேற்றும் ஃபிசியோவும் எழுதித் தந்திருக்கிறார்கள். வெறும் உப்புத்தண்ணீர் என்ன செய்துவிடும், மருந்துக்கடையில் கிடைக்கும் சளி சிரப் போதாதா, டார்னேஸ் என்று ஒரு விலையுயர்ந்த மருந்து இருக்கிறதாமே அதை வாங்கினால் இந்தத் தட்டுவதை நிறுத்திவிடலாமா, குழந்தை அழுகிறாள், மாமியார் ஆடாதோடைக் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

20 வருடமாகக் குழந்தைகளுக்கு நெஞ்சு ஃபிசியோதெரபி செய்கிறவள் நான். முதலில் நேரடியாகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோயில் சளியைக் கரைத்துக் காணாமல் ஆக்கும் மருந்து கிடையாது. மருந்து சளியை இளக்கித்தான் கொடுக்கும். இளகியதை வெளியே தள்ளுவது மூச்சும் இருமலும்தான். உங்கள் மருத்துவர் எழுதிய இரண்டும் சேர்ந்துதான் ஒரு சிகிச்சை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டால், அந்த ஒன்றும் பாதி வேலைதான் செய்யும்.

ஏன் என்று புரிந்தால் தினமும் அதைச் செய்கிற மனத்தெம்பு வரும். நாற்றங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் தண்ணீரில் நாற்று நிமிர்ந்து நின்று காற்றுக்கு அலை அலையாக ஆடும். நம் மூச்சுக்குழாயின் உள்சுவரிலும் அப்படித்தான் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஒரு மெல்லிய நீர்ப்படலத்தில் நின்று ஆடுகின்றன. அந்த நீரின் ஆழம் ஏறக்குறைய 7 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதன் மேலே சளி ஒரு பாய்போல மிதக்கிறது. மயிர்கள் ஆடுவதால் அந்தப் பாய் தூசியையும் கிருமியையும் ஏந்திக்கொண்டு தொண்டையை நோக்கி நகர்கிறது. உங்களுக்கும் எனக்கும் இது நாள் முழுக்க நடக்கிறது, நாம் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம்.

உங்கள் மகளின் உடம்பில் குளோரைடு உப்பையும் பைகார்பனேட்டையும் செல்லுக்கு வெளியே விடுகிற ஒரு கதவு சரியாக வேலை செய்யவில்லை. அந்தக் கதவின் பெயர் சிஎஃப்டிஆர். அதற்கான மரபணு 7ஆவது குரோமோசோமில் இருப்பதை 1989இல் டொரோண்டோவிலும் மிச்சிகனிலும் இருந்த ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உப்பு வெளியே வராவிட்டால் அதன் பின்னால் தண்ணீரும் வராது. நாற்றங்கால் வற்றுகிறது, நாற்று சாய்ந்து சேற்றில் ஒட்டிக்கொள்கிறது, மேலே இருந்த சளி நகராமல் பசையாகப் படிகிறது. தேங்கிய இடத்தில் கிருமி குடியேறுகிறது. அதை எதிர்க்க வெள்ளணுக்கள் திரண்டு வந்து அங்கேயே செத்து விழுகின்றன. பிறக்கும்போது இந்தக் குழந்தைகளின் நுரையீரல் ஏறக்குறைய நன்றாகத்தான் இருக்கும். தேங்குவதும் தொற்றுவதும் மாறி மாறி நடந்துதான் வருடக்கணக்கில் அதைக் கெடுக்கின்றன. அதனால்தான் சளி கேட்காத நாளிலும், குழந்தை நன்றாக விளையாடுகிற நாளிலும் இந்தச் சிகிச்சையைச் செய்யச் சொல்கிறோம்.

இப்போது உப்புத்தண்ணீருக்கு வருகிறேன். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு ஜாடியில் குலுக்கி வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டிருக்கும் இல்லையா? நெபுலைசரில் போகும் கெட்டி உப்புநீரும் அதையேதான் செய்கிறது. உப்பு மூச்சுக்குழாயின் மேல் விழுந்ததும் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. வற்றிய நாற்றங்காலில் கொஞ்ச நேரத்துக்காவது தண்ணீர் நிற்கிறது. கூடவே இருமலையும் தூண்டுகிறது, அதுவும் நமக்கு வேண்டியதே.

இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. ஆஸ்திரேலியாவில் இந்த நோய் உள்ள இளைஞர்களில் கடலில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களின் நெஞ்சு மற்றவர்களைவிட நன்றாக இருப்பதைச் சிட்னி மருத்துவர்கள் கவனித்தார்கள். கடல்நீர்த் திவலையை மூச்சில் இழுப்பதுதான் காரணமாக இருக்குமோ என்று தொடங்கியது, 164 பேரை 48 வாரம் பின்தொடர்ந்த ஆய்வாக வளர்ந்து 2006இல் வெளிவந்தது. 7 சதவீத உப்புநீரை 4 மில்லி வீதம் இரண்டு வேளை எடுத்தவர்களுக்கு, சாதாரண சலைன் எடுத்தவர்களைவிட நெஞ்சுத் தொற்று திடீரென்று மோசமாவது பாதிக்கும் மேல் குறைந்திருந்தது.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் 6 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். உங்கள் மகளைப் போன்ற சின்னக் குழந்தைகளில் படம் இவ்வளவு பளிச்சென்று இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 4 மாதத்திலிருந்து 5 வயது வரை உள்ள குழந்தைகளிடம் செய்து 2012இல் வெளியான பெரிய ஆய்வில் தொற்று எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்து 2019இல் வந்த ஆய்வில், நுரையீரலின் எல்லா மூலைக்கும் காற்று சீராகப் போகிறதா என்று அளக்கும் நுட்பமான சோதனையில் உப்புநீர் எடுத்தவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். சின்ன மூச்சுக்குழாய்கள் அடைபடுவதை முதலில் காட்டிக்கொடுப்பது அந்தச் சோதனைதான். அதனால் இந்த வயதிலேயே தொடங்குவது சரி என்பது என் கருத்து.

‘அங்கே 7, நமக்கு மட்டும் 3ஆ’ என்ற மனக்குறை வேண்டாம். டெல்லி எய்ம்ஸில் குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்ட சிறிய ஆய்வு 2012இல் வந்தது. அதில் 3 சதவீதம் பின்தங்கிவிடவில்லை. 3 சதவீதம் நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கிறது, தொண்டை எரிச்சலும் குறைவு. அளவை மாற்றுவதானால் மருத்துவர் மாற்றட்டும். வீட்டு உப்பைத் தண்ணீரில் கரைத்து நெபுலைசரில் ஊற்றுகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். அது கிருமி நீக்கியது அல்ல, அளவும் நிற்காது.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் மருந்து வீணாகிறது. உப்புநீர் சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். அதனால் முதல் தடவை மருத்துவமனையில், அவர்கள் கண்முன்னே கொடுக்க வேண்டும். வீட்டிலும் அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால், மருத்துவர் எழுதியபடி, மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பூட்டமால் பஃப் கொடுத்துவிடுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு விரல்கடை தள்ளிப் பிடித்தால் மருந்து அறைக்குத்தான் போகும். அழுகிற குழந்தைக்கும் அப்படியே. ‘அழுதால் ஆழமாக மூச்சு இழுப்பாள், நல்லா உள்ளே போகும்’ என்று பலர் சொல்வார்கள், அது தவறு. அழும்போது மருந்து வாயிலும் தொண்டையிலும் படிந்து வயிற்றுக்குப் போகிறது, நுரையீரலுக்கு மிகக் கொஞ்சமே சேர்கிறது. நிறுத்துங்கள், மடியில் வையுங்கள், ஒரு கதை சொல்லுங்கள், பிறகு தொடருங்கள். 5 வயதில் மாஸ்க்கை விட்டு வாயில் கடித்துக்கொள்ளும் மவுத்பீஸுக்கு மாற்றிவிடலாம். மூக்கு வடிகட்டாததால் மருந்து இன்னும் நன்றாக உள்ளே போகும்.

டார்னேஸ் பற்றி. சளி கெட்டியாக இரண்டு காரணம் உண்டு. ஒன்று நீர் வற்றுவது, மற்றது செத்த வெள்ளணுக்கள். அவற்றிலிருந்து சிந்தும் டிஎன்ஏ, கம்பிப் பதம் வந்த பாகு இழை இழுப்பது போல, சளியை நீள நீளமாக இழுபட வைக்கிறது. அந்த இழைகளை வெட்டுகிற நொதிதான் டார்னேஸ் ஆல்ஃபா. அமெரிக்காவில் 1993 கடைசியில் அனுமதி பெற்றது. 968 பேரிடம் செய்து 1994இல் வெளியான ஆய்வில், தினம் ஒரு வேளை 2.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குத் தொற்றுக் கிளர்ச்சி, அதாவது நெஞ்சுத் தொற்று திடீரென்று மோசமாவது, கால் பங்குக்குச் சற்று மேல் குறைந்தது. நல்ல மருந்து. ஆனால் 5 வயதுக் குழந்தைக்கு ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், வெளிச்சம் படக்கூடாது, நெபுலைசர் கிண்ணத்தில் உப்புநீரோடோ வேறு மருந்தோடோ கலக்கவே கூடாது. உங்கள் மருத்துவர் இப்போது எழுதவில்லை என்றால், அதை வாங்க முடியவில்லையே என்று நகையை அடகு வைக்கத் தேவையில்லை. அந்தப் பணம் அவளுடைய சாப்பாட்டுக்கும், அது செரிக்க உதவும் கணைய நொதி மாத்திரைக்கும், சளியில் என்ன கிருமி என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கும் போகட்டும். நாளைக்கு அந்த மருந்து தேவைப்பட்டாலும் தட்டுவதை நிறுத்த முடியாது. வெட்டிய இழையும் தானாக வெளியே நடந்து வராது.

மாமியார் சொன்ன ஆடாதோடையையும் மருந்துக்கடை சிரப்பையும் ஒன்றாகவே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்பம். ஆடாதோடையில் உள்ள வாசிசைன் என்ற பொருளை மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் செய்தார்கள். அது உடம்பில் மாறிக் கிடைப்பதுதான் ஆம்ப்ராக்சால். ஆகவே மாமியார் சொல்வதில் அர்த்தமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சாதாரணச் சளிக்கு நம் பாட்டிமார் கண்ட மருந்து அது. ஆனால் உங்கள் மகளுக்கு இருப்பது சாதாரணச் சளி இல்லை. வற்றிய நீர்ப்படலத்தை வயிற்று வழியாகப் போகும் சிரப்போ கஷாயமோ நிரப்பாது. அசிடைல்சிஸ்டீன் என்று கரையும் மாத்திரை ஒன்று எழுதுவார்கள். சோதனைக்குழாயில் அது சளியை உடைக்கும், ஆனால் இந்த நோயில் நெஞ்சுக்குப் பலன் என்று நம்பிச் சொல்லும்படியான சான்று இல்லை. இருமலை அடக்கும் சிரப் மட்டும் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம். அவளுடைய இருமல் அவளுடைய துடைப்பம்.

ஆவி பிடிப்பதும் வேண்டாம். 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் இந்தக் குழந்தைகளை இரவு முழுக்க ஈரப்புகை நிறைந்த கூடாரத்துக்குள் தூங்க வைத்தார்கள். அளந்து பார்த்தபோது பலன் இல்லை என்று தெரிந்து 70களில் கைவிட்டார்கள். வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயும் கூடாது, கற்பூரம் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரும். தலை காய்வதற்குப் போடும் சாம்பிராணி, கொசுவர்த்தி, ஊதுபத்தி, பீடி சிகரெட், விறகடுப்பு எதன் புகையும் அவள் பக்கம் வரக்கூடாது.

இனித் தட்டுவது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கைக்குழந்தைகளை மடியில் தலைகீழாகச் சாய்த்துத் தட்டினேன், பாடப்புத்தகம் அப்படித்தான் சொன்னது. குழந்தைகள் பாலைக் கக்கினார்கள், அது சளியோடு வருவது என்று நினைத்துக்கொண்டோம். மெல்போர்னில் 1990களில் செய்த ஆய்வு, தலையைத் தாழ்த்தினால் வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது, அது நுரையீரலுக்கே கெடுதல் என்று காட்டியது. அந்தக் குழந்தைகளை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். உங்களுக்கு யாராவது அப்படிக் காட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். நேராக உட்காரவைத்து, இரு பக்கமும் ஒருக்களித்து, மல்லாந்து படுக்கவைத்துச் செய்தால் போதும். உள்ளங்கையைக் குழித்து, மெல்லிய துணிமேல், விலா இருக்கும் இடத்தில் மட்டும் தட்ட வேண்டும். முதுகெலும்பு, வயிறு, இடுப்பு மேல் படக்கூடாது. சரியாகத் தட்டினால் ‘டொப் டொப்’ என்று பானை ஒலி வரும், ‘பளார்’ என்று கேட்டால் கை தட்டையாக இருக்கிறது, வலிக்கும். அவள் அழுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆனால் 5 வயதாகிவிட்டதால் ஒரு நல்ல செய்தி உண்டு. இனித் தட்டுவதை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. ஊதுகிற விளையாட்டுக்கு மாறலாம். சுத்தமான 2 லிட்டர் பாட்டிலில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், அடிவரை எட்டும் விரல் தடிமன் குழாய். குழாய் வழியாக மெதுவாக, நீளமாக ஊதச் சொல்லுங்கள், நுரை பொங்கி வழியும். தண்ணீரின் எடைக்கு எதிராக ஊதும்போது மூச்சுக்குழாய்கள் சுருங்காமல் திறந்து நிற்கின்றன, காற்று சளிக்குப் பின்பக்கம் போய்ச் சேர்கிறது, குமிழ்கள் ஏற்படுத்தும் அதிர்வு சளியைச் சுவரிலிருந்து உரிக்கிறது. ஆறேழு ஊதல் ஆனதும் ‘ஹஃப்’. ஒரு கண்ணாடியை முகத்தருகே பிடித்து, வாயைப் பெரிதாகத் திறந்து ‘ஹா…’ என்று அதில் புகை படியவைக்கச் சொல்லுங்கள். தொண்டையை இறுக்கி இருமுவதைவிட இது ஆழத்தில் இருக்கும் சளியை நன்றாக மேலே கொண்டுவரும். இரண்டு மூன்று ஹஃப், பிறகு ஒரு நல்ல இருமல், கொஞ்சம் சாதாரண மூச்சு, மறுபடி பாட்டில். இப்படி 15, 20 நிமிடம். முதல் தடவை உங்கள் ஃபிசியோ முன்னால் செய்து காட்டுங்கள், தண்ணீர் அளவையும் குழாயையும் அவர் சரிபார்ப்பார். பாட்டில் தண்ணீரைத் தினம் மாற்றுங்கள். வெறும் வயிற்றிலோ, சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்தோ செய்யுங்கள். சளியைத் துப்பத் தெரியாமல் விழுங்கினால் கவலை வேண்டாம், வயிறு பார்த்துக்கொள்ளும்.

அதிர்கிற மெஷின் ஜாக்கெட் பற்றியும் சீக்கிரம் யாராவது உங்களிடம் சொல்வார்கள், அதனால் முன்கூட்டியே: கனடாவில் ஒரு வருடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், எதிரழுத்தத்தோடு ஊதுகிற எளிய மாஸ்க்கைப் பயன்படுத்தியவர்களைவிட ஜாக்கெட் போட்டவர்களுக்குத்தான் தொற்றுக் கிளர்ச்சி அதிகம் வந்தது. அந்த மாஸ்க்கின் தத்துவமும் உங்கள் பாட்டிலின் தத்துவமும் ஒன்றுதான்.

ஆக வரிசை இது: சால்பூட்டமால், உப்புநீர், ஊதல்-ஹஃப்-தட்டல். ஆன்டிபயாடிக் நெபுலைசர் எழுதியிருந்தால் அது கடைசியில், சளி வெளியேறிய பிறகு. முன்னால் கொடுத்தால் மருந்து சளியின் மேல் உட்கார்ந்து இருமலோடு வெளியே வந்துவிடும்.

நெபுலைசர் கிண்ணத்தை அலட்சியமாக வைத்தால் நாமே சூடோமோனாஸ் கிருமியைக் குழந்தையின் நெஞ்சுக்குள் அனுப்புவோம். ஒவ்வொரு தடவையும் சோப்புநீரில் கழுவி, தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் தினம் ஒருமுறை 5 நிமிடம் கொதிக்கவைத்து, சுத்தமான துணிமேல் காற்றில் உலரவிடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடக்கூடாது, வேறு யாரோடும் பகிரவும் கூடாது. இதே நோய் உள்ள இன்னொரு குழந்தையை மருத்துவமனையில் பார்த்தால் 2 மீட்டர் தள்ளியே இருங்கள். அந்தத் தாயோடு போனில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், குழந்தைகள் இருவரும் கிருமி மாற்றிக்கொள்ளக் கூடாது.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. ‘சளிப்பிள்ளைக்குத் தயிர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது’ என்று பட்டினி போட்டுவிடாதீர்கள். இவளுக்கு மற்ற குழந்தைகளைவிட அதிகக் கலோரி வேண்டும். நெய், முட்டை, பால், தயிர், வேர்க்கடலை எல்லாம் வேண்டும், நொதி மாத்திரையோடு. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருப்பதால் நம் சித்திரை, வைகாசி வெயிலில் இவள் சட்டென்று துவண்டுவிடுவாள். உப்பு போட்ட மோர், ஊறுகாய் கொடுங்கள், கூடுதல் உப்பு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழுதான கதவையே சரிசெய்யும் மாத்திரைகள் வந்துவிட்டன. முதலாவது 2012இல். 2019இல் வந்த மூன்று மருந்துக் கூட்டு இப்போது அமெரிக்காவில் 2 வயதுக் குழந்தைகளுக்கே கொடுக்கப்படுகிறது. அதை எடுக்கும் சிலரால் உப்புநீரைக்கூட நிறுத்த முடிகிறது. வெளிவந்தபோது அங்கே வருடத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் விலை, நம் குடும்பங்களுக்கு எட்டாத தூரம். இது எனக்குக் கோபம் வரும் விஷயம். ஆனாலும் மரபணுப் பரிசோதனையை முழுமையாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மரபணு மாற்றத்துக்கும் அது வேலை செய்யாது, நம் நாட்டில் மாற்றங்களும் பலவகை. அந்த மாத்திரை நமக்கும் எட்டும் நாளில் மகளின் பெயருக்கு நேரே விவரம் தயாராக இருக்க வேண்டும்.

இருமல் வழக்கத்தைவிடக் கூடினாலோ, இரவில் எழுப்பினாலோ, சளி பச்சையானாலோ, பசி குறைந்தாலோ, எடை இறங்கினாலோ காய்ச்சலுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதுவரை ஃபிசியோவை மூன்று, நான்கு வேளையாக்குங்கள். மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் கண்டாலோ நேராக மருத்துவமனைக்கு.

பள்ளிக்கு அனுப்பலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அனுப்புங்கள். ஆசிரியையிடம் மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள்: இந்த இருமல் தொற்றுகிற இருமல் அல்ல, அதற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்த வேண்டாம், தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் அவள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், விளையாட்டு வகுப்பில் உட்கார வைக்காமல் மற்றவர்களோடு ஓடவிடுங்கள். ஓடும்போது இருமல் வரும். அப்போது சளி வருகிறது என்று அர்த்தம்.